வளாகக் கூடாரம், போலீஸ், அதிபரின் கை: நம் பக்கம் கேட்டது இதைத்தானா?

வைகைக்கரை:

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்கா வந்து இருபத்திரண்டு வருடம், குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டு. கன்சர்வேடிவ் என்பதைப் பத்திரிகைகள் பழமைவாதி என்று எழுதுகின்றன, அந்தச் சொல் எனக்கு ஒட்டவே இல்லை. அரசாங்கத்தின் கை எதுவரை நீளலாம் என்பதுதான் எனக்கு எப்போதும் முக்கியம், பழசு புதுசு அல்ல.

2024 ஏப்ரல் 17 அன்று கொலம்பியா பல்கலைக்கழகப் புல்தரையில் காசாவுக்காகக் கூடாரம் போட்டார்கள். மறுநாள் போலீஸ் வந்து நூறு பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனது, அதற்குப் பிறகு நாடு முழுக்கக் கூடாரம் முளைத்தது. ஏப்ரல் 30 விடிவதற்கு முன்னால் போராட்டக்காரர்கள் சிலர் கொலம்பியாவின் ஹாமில்டன் ஹால் என்ற கட்டிடத்தின் கதவுக் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்து, மேசை நாற்காலிகளை அடுக்கி வாசலை அடைத்தார்கள். அன்றிரவு போலீஸ் வண்டியிலிருந்து ஏணிப்பலகை போட்டு மாடி ஜன்னல் வழியாக வரிசையாக உள்ளே போனதை நானும் மனைவியும் டிவியில் பார்த்தோம். "இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

சொந்தக் கோபமும் உண்டு. மகள் பள்ளி முடித்தது 2020இல். கொரோனா, பட்டமளிப்பு கிடையாது, தொப்பியைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்தபடியே பள்ளி வாசலில் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தப் பிள்ளைகள் எல்லாம் கல்லூரி முடித்தது 2024 மே மாதம். அவள் கல்லூரியிலும் (பெயர் வேண்டாம்) கூடாரப் போராட்டத்தால் பெரிய விழாவை ரத்து செய்துவிட்டார்கள். இதற்காகவே என் அம்மா மதுரையிலிருந்து எழுபத்தாறு வயதில் விசா எடுத்து வந்திருந்தார். பேத்தியின் விழாவுக்கு என்று கொண்டுவந்த அரக்குப் பட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டியிலேயே கிடந்து திரும்பிப் போனது. அந்த மடிப்பை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் குடியேற்ற அதிகாரிகள் மஹ்மூத் கலீலை நாடு கடத்துவதற்காகப் பிடித்தார்கள். கொலம்பியா போராட்டத்தில் முன்னால் நின்றவர், கிரீன் கார்டு உள்ளவர், எந்தக் குற்ற வழக்கும் போடவில்லை. அதே மாதம் டஃப்ட்ஸ் பல்கலையில் படித்த துருக்கி மாணவி ஒருவரைத் தெருவில் முகமூடி போட்ட அதிகாரிகள் சூழ்ந்து கூட்டிப்போய் லூயிசியானா தடுப்பு மையத்தில் ஆறு வாரம் வைத்தார்கள். வெளியே தெரிந்தவரை அவர் செய்தது, கல்லூரிப் பத்திரிகையில் இன்னும் சிலரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியது. கண்ணாடி உடைத்தவனைப் பிடி என்று நான் கத்தியது உண்மை. கட்டுரை எழுதியவரைப் பிடி என்று நான் எப்போது சொன்னேன்? நம் பக்கத்து ஆட்கள் என்ன நினைக்கிறீர்கள்? திட்ட வேண்டாம், பதில் சொல்லுங்கள்.

---

மூன்றாம்வரிசை:

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் கதையை நீங்கள் பாதியில் தொடங்குகிறீர்கள்.

2023 டிசம்பர் 5ஆம் தேதியிலிருந்து தொடங்குங்கள். ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்ஐடி என்று மூன்று பல்கலைத் தலைவர்களை நாடாளுமன்றக் குழு முன்னால் உட்காரவைத்து, யூதர்களை இனப்படுகொலை செய் என்று வளாகத்தில் கூப்பாடு போட்டால் அது உங்கள் விதிக்கு விரோதமா என்று குடியரசுக் கட்சி உறுப்பினர் எலீஸ் ஸ்டெஃபானிக் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். சூழலைப் பொறுத்தது என்றார்கள். நான்கு நாளில் பென்சில்வேனியா தலைவர் ராஜினாமா, ஜனவரி 2ஆம் தேதி ஹார்வர்ட் தலைவர். ஒரு ஹாலோவீன் வேடத்துக்கும் வாய் தவறி வந்த ஒரு சொல்லுக்கும் பிள்ளைகளை விசாரணைக்கு இழுத்த அதே நிர்வாகங்கள், யூத மாணவர்கள் பயந்து நடந்தபோது மட்டும் பேச்சுரிமைப் புத்தகத்தைத் திறந்தன. எனக்கு அந்த இரட்டை அளவுகோல்தான் கோபம், மற்றதெல்லாம் பிறகு.

அப்புறம், பணம். 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு என்ன சொல்கிறது? இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு நடக்கும் இடத்துக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது. கொலம்பியாவுக்கு 40 கோடி டாலரை நிறுத்தியதும் அதே வழியில்தான். அந்த ஆயுதத்தை நாம் செய்யவில்லை, அவர்கள் செய்து நம் மேல் பிரயோகித்தார்கள். மாணவர்களிடம் இனப் பாகுபாடு காட்டியதற்காக பாப் ஜோன்ஸ் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் வரிச் சலுகையைப் பிடுங்கியது சரி என்று 1983இல் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று தீர்ப்புச் சொன்னபோது எந்தத் தாராளவாதி அரசாங்கத்தின் கை நீளுகிறதே என்று அழுதார்?

---

பழைய ஒஹாயோ:

தம்பிகள் இருவருக்கும். நான் 1969 செப்டம்பரில் முதுகலை படிக்க ஒஹாயோ வந்தவன். இப்போது வயது 79. நானும் பல வருடம் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவன்தான்.

வலதுசாரி அரசியலுக்கும் வளாகப் போராட்டத்துக்கும் உள்ள உறவு 2024இல் பிறந்தது அல்ல. 1964இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பேச்சுரிமை கேட்டு ஸ்ப்ரௌல் ஹாலில் உட்கார்ந்தார்கள், 800 பேர் வரை கைது. இரண்டு வருடம் கழித்து ரேகன் கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலில் நிற்கிறார். வளாகப் பிரச்சினை கருத்துக்கணிப்பில் பெரிதாக வரவில்லை என்று அவருடைய ஆட்களே சொன்னார்கள். ஆனால் போகிற ஊரிலெல்லாம் ஜனங்கள் எழுந்து பெர்க்லியை என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கிட்டத்தட்ட 10 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பதவியேற்ற மாதமே, 1967 ஜனவரியில், பல்கலைத் தலைவர் கிளார்க் கெர் வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அவர் மாணவர்களிடம் கடுமை காட்டவில்லை என்பதுதான் குறை. வரி கட்டுகிற தகப்பனின் கோபம் ஒரு மனிதரை வெள்ளை மாளிகை வரை கொண்டுபோக முடியும் என்பதை நாடு அங்கேதான் பார்த்தது.

எனக்கு மறக்காதது 1970 மே 4. நிக்ஸன் கம்போடியாவுக்குள் படையை அனுப்பியதாக அறிவித்த நான்காம் நாள். முந்தின நாள்தான் எங்கள் மாநில கவர்னர் ரோட்ஸ், கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள் பழுப்புச் சட்டை நாஜிகளைவிட மோசம் என்று மேசையைத் தட்டிப் பேசினார். செனட் வேட்பாளர் தேர்வில் அவருக்கு மே 5 அன்று ஓட்டெடுப்பு, அதையும் கணக்கில் வையுங்கள். மே 4 திங்கட்கிழமை மதியம் அந்த வளாகத்தில் நேஷனல் கார்டு என்ற மாநிலத் துணைப்படை 13 வினாடியில் 67 குண்டு சுட்டது. நான்கு பிள்ளைகள் செத்தார்கள். அதில் இரண்டு பேர் போராடக்கூட வரவில்லை, ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி. குளிருக்கு எனக்குக் கம்பளி கொடுத்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எனக்கென்று முட்டை சேர்க்காத கேக் செய்து வைப்பவர். அன்று சாயங்காலம் சமையலறையில் ரேடியோ ஓட, கணவரின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். செய்தி வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சொன்னதைக் கேட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பார்கள்" என்றார். திரும்பவும் காலர் மடிப்பைத் தேய்க்க ஆரம்பித்தார். அவர் தனி ஆள் இல்லை. அந்த மாதம் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மேல்தான் தவறு என்றார்கள், படை மேல் தவறு என்றவர்கள் 11 சதவீதம்.

அந்த 58இல் மனசுக்குள் நானும் ஒருவன். இருபத்து மூன்று வயது, விசா, எதற்கு வம்பு என்ற பயம், அந்தப் பயத்துக்கு நான் ஒழுங்கு என்று பெயர் வைத்துக்கொண்டேன். இதை இத்தனை வருடத்தில் முதல்முறையாக எழுதுகிறேன்.

---

மூன்றாம்வரிசை:

ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் 2024இல் யாரும் யாரையும் சுடவில்லையே. பிள்ளைகளைக் கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போய் பெரும்பாலானவர்களை அடுத்த நாளே விட்டார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

---

பழைய ஒஹாயோ:

வைக்கவில்லை தம்பி. மேலே இருக்கிறவர் பேசுகிற பேச்சு கீழே துப்பாக்கி பிடித்திருப்பவன் காதில் எப்படி விழும் என்பதைத்தான் சொன்னேன்.

---

எஃப்1 காலம்:

நான் இப்போது முனைவர் பட்டம் படிக்கிறேன், மெக்கானிக்கல். எனக்கு இந்தச் சண்டையில் பக்கமே கிடையாது, கூடாரத்துப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவை (அவர்கள் இங்கே படிக்கத் தேவையான அரசுப் பதிவு) ஒரே வாக்கில் ரத்து செய்தார்கள். எங்கள் லேபில் ஒரு ஆந்திரப் பையன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது, உங்கள் பதிவு முடிக்கப்பட்டது, காரணம் எங்களுக்குத் தெரியவில்லை என்று. அவன் செய்தது மூன்று வருடத்துக்கு முன்னால் வேகமாக வண்டி ஓட்டி அபராதம் கட்டியது, அவ்வளவுதான். போராட்டத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. எக்ஸ்பெரிமெண்ட் ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைப்பதா விடுவதா என்று தெரியாமல் கையில் போனை வைத்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே நின்றான். மாத இறுதியில், கோர்ட்டுகளில் வழக்கு குவிந்த பிறகு, அரசாங்கமே பதிவுகளைத் திரும்பக் கொடுத்தது.

அந்த மின்னஞ்சல் வந்த அன்றிரவு எங்கள் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்து பழைய பதிவுகளை அழித்தோம். நான் அழித்ததில் ஜல்லிக்கட்டு சமயத்தில் மெரினாவில் நின்று எடுத்த படமும் ஒன்று. 2017, அப்போது பள்ளி மாணவன், கையில் மெழுகுவர்த்தி. அது எதற்கும் ஆகாது என்று தெரியும், இருந்தும் அழித்தேன். ஒழுங்கு வேண்டும் என்று ஓட்டுப் போட்ட அண்ணன்கள் இதை மனதில் வையுங்கள். சட்டம் யார் மேல் விழும் என்று தெரிந்தால்தானே அது ஒழுங்கு.

---

சட்டப்புத்தகம்:

குடியேற்றச் சட்டத்தில் வேலை செய்கிறேன். வழக்கறிஞர் அல்ல, உதவியாளர். ஒரு சில விஷயங்களைத் தெளிவுபடுத்துகிறேன், ஏனென்றால் "வெளிநாட்டவனுக்குப் பேச்சுரிமையே கிடையாது" என்று பல குழுக்களில் பார்க்கிறேன். அது தவறு.

1945இல் ஹாரி பிரிட்ஜஸ் என்ற ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவரை கம்யூனிஸ்ட் தொடர்பு என்று நாடு கடத்தப் பார்த்தார்கள். இங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1952இல் அதே நீதிமன்றம் முன்னாள் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை நாடு கடத்துவது செல்லும் என்றது. ஆக, முடிச்சு முழுசாக அவிழவில்லை. கலீல் மேல் பிரயோகித்த பிரிவு, ஒருவர் இங்கே இருப்பது நாட்டின் வெளியுறவுக் கொள்கைக்குக் கேடு என்று வெளியுறவு அமைச்சர் கருதினாலே போதும் என்கிறது. அபூர்வமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். 1996இல் மெக்ஸிகோ முன்னாள் அதிகாரி ஒருவர் வழக்கில் இந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒரு மாவட்ட நீதிபதி எழுதினார். மேல் நீதிமன்றம் வேறு காரணத்தால் அதை ரத்து செய்தது. எழுதிய நீதிபதி மேரியான் டிரம்ப் பாரி, இப்போதைய அதிபரின் சொந்த அக்கா.

2025 செப்டம்பர் 30 அன்று பாஸ்டன் நீதிபதி வில்லியம் யங் 161 பக்கம் எழுதி, கருத்துக்காக வெளிநாட்டு மாணவர்களையும் ஆசிரியர்களையும் குறிவைப்பது பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தை மீறுகிறது என்றார். அவரை நியமித்தது ரேகன். இதை இடதுசாரி நீதிபதிகள் வேலை என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை:

சட்டப்புத்தகம், ரொம்ப நன்றி. டிரம்பின் அக்கா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாம்வரிசை தம்பிக்கு. இரட்டை அளவுகோல் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதில் ஒரு எழுத்துகூட மாற்ற மாட்டேன். பண விஷயத்தில்தான் எனக்கு உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நம் பக்கத்துக்கு இதில் ஒரு பழைய பெருமை உண்டு. பென்சில்வேனியாவில் குரோவ் சிட்டி என்று ஒரு சின்ன கிறிஸ்தவக் கல்லூரி. பாலினப் பாகுபாடு பற்றிய விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம் என்ற மத்திய அரசின் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984இல் தோற்றது. மாணவர்கள் வாங்கும் கல்வி உதவித்தொகையே அரசுப் பணம்தான் என்று தீர்ப்பு. உடனே என்ன செய்தார்கள்? அந்த உதவித்தொகையையே வேண்டாம் என்று விட்டுவிட்டுத் தாங்களே பணம் திரட்டினார்கள். மிஷிகனில் ஹில்ஸ்டேல் கல்லூரியும் அதே வழி. அரசு கொடுக்கிற காசோடு அரசின் விரலும் உள்ளே வரும் என்று அறுபது வருடம் சொன்னது நாம். 2011இல் ஒபாமா நிர்வாகம் பாலியல் புகார் விசாரணை பற்றி ஒரு கடிதம் அனுப்பிப் பணத்தைக் காட்டிக் கல்லூரிகளை மிரட்டியது, குற்றம் சாட்டப்பட்ட பையன்களுக்கு முறையான விசாரணை இல்லாமல் போனது, அதை எதிர்த்து எழுதியதும் நாம்தான். இன்று கொலம்பியா 20 கோடி டாலர் மூன்று வருடத்தில் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டதும், ஹார்வர்டுக்கு 220 கோடி டாலரை ஒரே நாளில் முடக்கியதும் அதே மிரட்டல்தான், கை மட்டும் மாறியிருக்கிறது. புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவன் கூடாரத்தில் உட்கார்ந்தானா? நாளைக்கு வேறு கட்சி அதிபர் வந்து ஹில்ஸ்டேலின் வரிச் சலுகையில் கைவைத்தால் நாம் எந்த முகத்தோடு பேசுவோம்?

டெக்சஸ் இன்னொன்று. 2019இல் கவர்னர் அபட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார், அரசுப் பல்கலைகளின் திறந்தவெளி யார் வேண்டுமானாலும் வந்து பேசக்கூடிய இடம் என்று. வலதுசாரிப் பேச்சாளர்களை உள்ளே விடாததற்காகக் கொண்டுவந்தது, நானும் மகிழ்ந்தேன். 2024 ஏப்ரல் 24 அன்று ஆஸ்டின் வளாகத்துக்கு அதே கவர்னர் குதிரையில் மாநிலப் போலீஸை அனுப்பினார், அன்று அங்கே ஒரு கூடாரம்கூட நிலைக்கவில்லை. 2025இல் சட்டத்தையே திருத்தி இரவில் பேசவே தடை என்றார்கள். ஒரு மத்திய நீதிபதி அதில் சில தடைகளை நிறுத்திவைத்தார். நாம் செய்த கதவை நாமே பூட்டினோம்.

---

குளிர்நாடு:

மினசோட்டாவிலிருந்து. நான் தேர்தல் கணக்கு பற்றி மட்டும். வளாகப் போராட்டம் வந்தால் வலதுசாரிக்கு ஓட்டு என்பது எல்லாத் தடவையும் நடப்பதில்லை. 1966 ரேகன் சரி, 1968 நிக்ஸன் சரி (கொலம்பியாவில் 700 பேர் கைதான அதே வருடம், ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டுக் கலவரம் வேறு). ஆனால் 1970 நாடாளுமன்றத் தேர்தலில் ஒழுங்கு ஒழுங்கு என்று நிக்ஸன் ஊர் ஊராகப் போய்ப் பேசியும் ஜனநாயகக் கட்சிக்குக் கீழவையில் 12 இடம் கூடியது. ஐயா சொன்ன ரோட்ஸும் அந்த மே 5 ஓட்டெடுப்பில் தோற்றார். 2024இல் விலைவாசியும் எல்லையும்தான் ஓட்டைத் தீர்மானித்தன, கூடாரம் அல்ல. பைடன் மே 2 அன்று கருத்து மாறுபாடு வேண்டும், ஒழுங்கீனம் கூடாது என்று நடுவில் நின்று பேசி இரண்டு பக்கமும் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

பிறகு துணை அதிபரான ஜே.டி. வான்ஸ் 2021இல் பல்கலைக்கழகங்கள்தான் எதிரி என்று ஒரு மேடையில் பேசினார். அது நிக்ஸன் தன் அறையில் கிஸிஞ்சரிடம் சொன்னதன் எதிரொலி, டேப்பில் இருக்கிறது. அறைக்குள் சொன்னதை மேடையில் சொல்லலாம் என்று ஆனதுதான் இந்த ஐம்பது வருட மாற்றம்.

---

மூன்றாம்வரிசை:

நான் பிடிவாதக்காரன் இல்லை. ஒன்று ஒப்புக்கொள்கிறேன்.

வலதுசாரி மாணவர் அமைப்பை நடத்திய சார்லி கிர்க்கை 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டா வேலி பல்கலைக்கழகத்தில் சுட்டுக் கொன்ற அன்று நான் வேலையை விட்டு எழுந்து காரில் போய் உட்கார்ந்து அழுதேன். நானும் அவரும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர் செய்ததும் கூடாரம்தான், பாருங்கள். வளாகத்தில் ஒரு கூடாரம் போட்டு, மைக்கை வைத்து, நான் சொல்வது தப்பு என்று நிரூபி என்று எதிராளியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அடுத்த வாரமே அட்டர்னி ஜெனரல் பாண்டி, வெறுப்புப் பேச்சு பேசுபவர்களைக் குறிவைப்போம் என்றார். வெறுப்புப் பேச்சு என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது, அருவருப்பான பேச்சுக்கும் பாதுகாப்பு உண்டு என்று முந்தின வருடம் எழுதியவர் கிர்க். நம் பக்கத்து ஆட்களே பாண்டியை வறுத்தெடுத்தார்கள், வன்முறை மிரட்டல்களைத்தான் சொன்னேன் என்று பாண்டி விளக்கம் கொடுத்தார். தொலைக்காட்சிக்காரர்களை ஒளிபரப்பு உரிமம் தரும் எஃப்சிசி அமைப்பின் தலைவர் மிரட்டியபோது நம் கட்சி செனட்டர் டெட் குரூஸ் அதை மாஃபியா பேச்சு என்றார். அப்போது நானும் குரூஸ் பக்கம்தான் நின்றேன்.

அந்தத் துருக்கிப் பெண் விஷயத்தில் நான் அப்படி நிற்கவில்லை. ஏன் என்று இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். கூடாரத்தில் கொடி பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டார்கள், அதுதான். ஆனால் ஹாமில்டன் ஹால் உடைத்தவர்களை நீக்கியதும், யூத மாணவர்களை வழிமறித்தவர்கள் மேல் நடவடிக்கை எடுத்ததும் சரி, அதில் பின்வாங்க மாட்டேன்.

---

வைகைக்கரை:

அதில் நானும் உங்களோடுதான் தம்பி, ஒரு அடி பின்வாங்க வேண்டாம்.

இந்த இழையின் இணைப்பை மகளுக்கு அனுப்பினேன். எழுதப் படிக்கத் தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஒஹாயோ ஐயா எழுதியதை மட்டும் நான் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள், அந்த ஏப்ரலில் இரண்டு இரவு அவளும் கூடாரத்துக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். கோஷம் போடவில்லை, உட்காரவில்லை, அவளுடைய அறைத்தோழி உள்ளே இருந்ததால் போனாளாம். விழா ரத்தானபோது நான் வீட்டில் போட்ட சத்தத்தில் இதைச் சொல்லப் பயந்துவிட்டாள். அப்பத்தாவுக்குத் தெரியுமாம். விழா இல்லை என்று தெரிந்த அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

அம்மா இத்தனை நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று மதுரையில் விடிந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். "பிள்ளை தண்ணிதானடா குடுத்துச்சு" என்றார்.